அசெம்பிளிக்குத் "திரட்சி" வேண்டாம், "கோப்பு" என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தசை நாரில் டெஸ்மின் புரதம் இழையாக அமைவதை, ஆங்கிலத்தில் அசெம்பிளி (assembly) எனப்படுவதை, தமிழில் "திரட்சி" எனலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல் நமக்கு வேறோர் இடத்தில் கட்டாயம் தேவைப்படும். டெஸ்மின் மரபணுவில் சில பிழைகள் நேரும்போது, புரதம் இழையாக நீளாமல் நாருக்குள் ஆங்காங்கே கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடுகிறது. தசை நலிகிறது, பலருக்கு இதயமும் பாதிக்கப்படுகிறது. திரட்சி என்பது அதுதான். ஒழுங்காக அமைவதற்கும் ஒழுங்கு கெட்டுச் சேர்வதற்கும் ஒரே சொல்லை வைத்தால், படிக்கும் மாணவர் நோயை எப்படிப் பிரித்தறிவார்?

நடப்பதைப் பாருங்கள். இரண்டு டெஸ்மின் சங்கிலிகள் ஒரே திசை நோக்கி நின்று ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. இதை "இருபுரி" என்பேன். முப்புரி நூலை அறிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். இரண்டு மூலக்கூறுகளின் இணைப்பைக் குறிக்கும் வேதியியல் சொல்லான "இருபடி"யில் (dimer) இந்த முறுக்கு தெரிவதில்லை. இரண்டு இருபுரிகள் எதிரெதிர்த் திசையில், பாதி நீளம் விலகி, பக்கவாட்டில் ஒட்டி "நாற்சங்கிலி" ஆகின்றன. எதிரெதிராக நிற்பதால், தசையின் மெல்லிய இழையான ஆக்டினுக்கு உள்ளதுபோல் இதன் இரு முனைகளுக்கிடையே வேறுபாடு இல்லை. ஏறக்குறைய எட்டு நாற்சங்கிலிகள் சேர்ந்து சுமார் 60 நானோமீட்டர் நீளத் துண்டாகின்றன. துண்டுகள் முனையோடு முனை இணைந்து நீள்கின்றன. பிறகு இறுகி, ஏறத்தாழ 10 நானோமீட்டர் பருமனுக்கு வருகின்றன.

முதலிலிருந்து முடிவுவரை இது கோத்தல். ஆகவே "கோப்பு". செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் துணையின்றி, ஆய்வுக்குழாயில் உப்புச் செறிவை உயர்த்தினாலே புரதம் கோத்துக்கொள்வதால் "தன்கோப்பு" என்றும் சொல்லலாம். அலுவலகக் கோப்பு நினைவுக்கு வரும் என்பவர்கள் "இழைக்கோப்பு" என்று எழுதட்டும், குழப்பம் தீர்ந்துவிடும்.

டெஸ்மின் இழை சேர்ந்த வகைக்கு வழங்கும் "இடைநிலை இழை" (intermediate filament) என்ற பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. இடைநிலை என்றால் போகும் வழியில் ஒரு கட்டம் என்றே மனத்தில் படும். 1968இல் வளரும் தசைச் செல்களில் இவற்றை விவரித்தவர்கள் பருமனைத்தான் கருதினார்கள்: மெல்லிய ஆக்டினுக்கும் தடித்த மயோசினுக்கும் இடைப்பட்டது. "இடைப்பருமன் இழை" என்றால் பொருள் தவறாது. முதிர்ந்த நாரில், சுருங்கி விரியும் தசைநுண்ணிழைகளின் குறுக்கே அமைந்த இசட் தட்டுகளைச் சூழ்ந்து, அடுத்தடுத்த நுண்ணிழைகளைப் பிணைத்து, செல்சவ்வோடும் உட்கருவோடும் கட்டிவைப்பவை இவையே. இவ்வளவு வேலை செய்யும் ஒன்றைத் தற்காலிகக் கட்டம்போல் அழைப்பது நியாயமன்று.

எட்டு நாற்சங்கிலிகள் சேர்ந்த துண்டுக்கு "அலகிழை" என்று குறித்துவைத்திருக்கிறேன். அது இன்னும் இழை ஆகவில்லை என்பதால் நிறைவில்லை. நல்ல சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள்.