காது வலி என்று போனேன், கழுத்தில் வந்து நின்றது

3 மாதமாக வலது காதுக்குள் ஒரு குத்தல். காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காதில் ஒன்றுமில்லை, பல் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்றார். பல் மருத்துவர் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். கடக் என்றது. தாடை மூட்டு அங்கேதான் இருக்கிறதாம். 3 விரலை அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார். எனக்கு 2 விரலுக்கு மேல் போகவில்லை.

அப்புறம், "கணினி முன்னால் எப்படி உட்காருவீர்கள்?" என்றார். உட்கார்ந்து காட்டினேன். ஆமை மாதிரி கழுத்து முன்னே, பல் இறுகக் கடித்தபடி. கடித்திருப்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. கழுத்து முன்னே நீண்டால் தாடைக்குக் கீழே உள்ள தசைகள் கீழ்த்தாடையைப் பின்னுக்கு இழுக்குமாம். கன்னத் தசை அதற்கு ஈடுகொடுத்தே களைத்துப்போகும். சும்மா இருக்கும்போது உதடு மூடி, பல் பல்லைத் தொடாமல், நாக்கு மேலண்ணத்தில் இருக்க வேண்டும். 40 வயதில் வாயை வைத்துக்கொள்ளப் பாடம்!

கழுத்துக்கும் தாடைக்கும் உள்ள தொடர்பு தெரிய வேண்டுமா? நிமிர்ந்து உட்கார்ந்து மேல், கீழ்ப் பற்களை ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பாருங்கள். பிறகு அண்ணாந்து தட்டுங்கள். பல் படுகிற இடம் பின்னால் நகர்ந்திருக்கும்.

திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஓரத்தில் ஒரு பொட்டு ஒட்டினேன். அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லைத் தளர்த்துவேன். 6 வாரத்தில் குத்தல் அடங்கியது. கடக் மட்டும் போகவில்லை. வலிக்காத வரை கண்டுகொள்ள வேண்டாம் என்றார்.

---

நீங்கள் சொன்னபடி அண்ணாந்து தட்டிப் பார்த்தேன், என் பழைய கதை ஒன்று விளங்கியது. பல் அடைத்த அன்று, சாய்ந்து படுத்துக் கடித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் சோற்றில் கல் கடிபட்டது போல இடித்தது. மறுபடி, பல் படுகிற இடத்தில் மை பதியும் நீலத் தாளைக் கடிக்க வைத்து, இடிக்கிற இடத்தைத் தேய்த்துவிட்டார்கள். என் பிரமை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

---

உங்களுக்குக் கழுத்தைச் சரிசெய்ததில் தாடை சரியானது. எனக்கு நேர்மாறு. தாடையைச் சரிசெய்தால் இடுப்பு, பாதம் வரை நேராகிவிடும் என்று ஒருவர் சொல்ல, கணிசமாகச் செலவழித்துப் பல்லின் மேல் மாட்டும் தட்டு ஒன்று செய்து போட்டேன். இடுப்பு வலி அப்படியே இருந்தது. பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ட், "தாடைக்கும் கழுத்துக்கும் தொடர்பு உண்டு, சரி. பாதம் வரை கொண்டுபோகப் போதிய சான்று இல்லை" என்றார். தட்டு இப்போது டப்பாவில் கிடக்கிறது.