மெக்சிகோ டீமிடம் 'கோஹேர்' என்று சொல்லிவிட்டேன். எந்த நாட்டு ஸ்பானிஷைப் படிப்பது?

ஒயிட்ஃபீல்டு_வாசி:
பெங்களூரில் வேலை, எட்டு மாதமாக ஸ்பெயின் பாடப்புத்தகத்தை வைத்து ஸ்பானிஷ் படிக்கிறேன். போன வாரம் மெக்சிகோ டீமோடு கால். இந்த மழையில் வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார்கள். பஸ் பிடிப்பேன் என்பதற்கு, புத்தகத்தில் இருக்கிறபடியே 'வோய் அ கோஹேர் எல் அவுத்தோபுஸ்' என்றேன். ஒருவர் இருமினார், இன்னொருவர் மைக்கை அணைத்துவிட்டார். பதற்றத்தில், கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'எஸ்தோய் எம்பராஸாதா' என்றும் சொல்லிவிட்டேன். அதற்கு 'கர்ப்பமாக இருக்கிறேன்' என்று அர்த்தமாம், கால் முடிந்து அகராதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திங்கட்கிழமை அவர்களோடு மறுபடி பேச வேண்டும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கோரமங்களா_அண்ணன்:
தங்கச்சி, நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. ஸ்பெயினில் 'கோஹேர்' என்றால் எடுப்பது, பிடிப்பது, அவ்வளவுதான். நாள் முழுக்கச் சொல்வார்கள். அதே சொல் மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கிற கொச்சைச் சொல். 'தொமார்' என்று சொல்லுங்கள், எந்த நாட்டிலும் வம்பில்லை. மெக்சிகோவில் பஸ்ஸை 'கமியோன்' என்பார்கள், ஸ்பெயினில் அது லாரி. அப்புறம் 'அஓரித்தா அனுப்புகிறேன்' என்று மெக்சிகோக்காரர் சொன்னால் உடனே மெயிலைத் திறந்து பார்க்காதீர்கள். நம் ஊர் 'இதோ வர்றேன்' மாதிரிதான், அஞ்சு நிமிஷமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம்.

டெல்லித்_தமிழச்சி:
நான் டெல்லியில், ஸ்பெயின் அரசு ஸ்பானிஷ் கற்றுத்தர நடத்தும் செர்வாந்தஸ் மையத்தில் படித்தவள். எம்பராஸாதாவில் மாட்டாதவர் குறைவு, காரணம் அது ஆங்கில 'எம்பாரஸ்டு' (கூச்சம்) மாதிரி ஒலிக்கிறது, நாம் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷுக்குப் போகிறோம். தமிழிலிருந்து நேராகப் போய்ப் பாருங்கள். 'மே குஸ்தா' என்பது அப்படியே 'எனக்குப் பிடிக்கும்', 'நான்' என்று தொடங்க வேண்டியதே இல்லை. கூச்சத்துக்கும் அதே வழி, 'மே தா வெர்குவென்ஸா', அதாவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டில் கலக்கும் பிரிசர்வேட்டிவைக் கேட்கப் போய் 'ப்ரெஸெர்வாதிவோ' என்றுவிடாதீர்கள், அது ஆணுறை. 'கொன்ஸெர்வாந்தே' என்று கேட்க வேண்டும். வெயில் தாங்கவில்லை என்றால் 'தெங்கோ கலோர்'. 'எஸ்தோய் கலியெந்தே' என்றால் காம இச்சையில் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒயிட்ஃபீல்டு_வாசி:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் ஸ்பெயின் புத்தகத்தை மூடிவிட்டு லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் என்று ஒன்றைத் தொடங்கட்டுமா?

கோரமங்களா_அண்ணன்:
அப்படி ஒரே ஸ்பானிஷ் கிடையாது. 'குவாகுவா' கியூபாவில் பஸ், சிலியில் கைக்குழந்தை. இலக்கணம் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் புத்தகம் இருக்கட்டும். பேச்சை மட்டும் உங்கள் டீமிடமே கேட்டுப் பழகுங்கள். திங்கட்கிழமை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லிவிடுங்கள், ஸ்பெயின் புத்தகத்தில் படித்தேன், உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று. கற்றுக்கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள். பெங்களூருக்கு வந்த புதிதில் கடைக்காரர் 'சொப்பு' வேண்டுமா என்றதற்கு நான் குளிக்கிற சோப்பின் பெயரைச் சொன்னேன். அவர்தான் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி எனக்கு முதல் கன்னடப் பாடம் எடுத்தார்.

டெல்லித்_தமிழச்சி:
ஒன்று விட்டுப்போச்சு. வயதைச் சொல்லும்போது 'ஆஞோஸ்', நம் ஞ வரிசை ஒலிதான், நமக்குக் கஷ்டமே இல்லை. 'ஆனோஸ்' என்றால் ஆசனவாய். பேச்சில் தப்பித்துவிடுவோம், மெயிலில்தான் n எழுத்தின் மேல் உள்ள வளைகோடு (ñ) விட்டுப்போகும். ஃபோனில் n எழுத்தை அழுத்திப் பிடித்தால் வளைகோட்டோடு வரும்.