அரசியலமைப்பின் முகப்புரை வாசிப்பு: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

பனங்காட்டு நரி:
நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் நெருங்கினாலே இது மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆபீஸ் வராண்டாவில் வழக்கமான வாசிப்பு. மேலாளர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம், எல்லார் கையும் உறுதிமொழி மாதிரி முன்னால் நீட்டியபடி. கூட்டிப் பெருக்கும் அக்கா படிக்கட்டு ஓரம் நின்றிருந்தார். துடைப்பத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவரும் வலது கையை நீட்டினார். சமத்துவம் வரிக்கு வந்தபோது அவர் உதடும் அசைந்தது. வரிசைக்குள் வா என்று யாரும் கூப்பிடவில்லை. குரூப்பில் வந்த போட்டோவிலும் அவர் இல்லை.

மூணாம் பெஞ்ச்:
நீங்க ஒரு குரல் கொடுத்திருக்கலாமே நரி? அதற்குக்கூட சுற்றறிக்கை வரணுமா?

எங்க பள்ளியில் நடந்தது வேற மாதிரி. பிரேயரில் ஒன்பதாம் வகுப்புப் பையன் மைக்கில் வாசிச்சான். கடைசியில் அந்தத் தேதி வருமில்லையா, 1949 நவம்பர் 26? அதைச் சொன்னதும் மூணாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள்!" மொத்த மைதானமும் சிரிச்சுது. அடி விழும்னுதான் நினைச்சேன். தலைமையாசிரியர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, கடைசி வரியை நீயே வாசின்னு மைக்கை இறக்கிக் கொடுத்தார். கலர் டிரஸ்ஸில் வந்து எழுத்துக்கூட்டி வாசிச்சா. அவ்வளவு அமைதியா அந்தப் பிள்ளைங்க நின்னு நான் பார்த்ததில்லை.

பனங்காட்டு நரி:
@மூணாம் பெஞ்ச் மறுவருஷம் கூப்பிட்டோம் டீச்சர். "மாடி இன்னும் கூட்டல சார், நீங்க படிங்க"ன்னுட்டாங்க.

வக்கீல் குமாஸ்தா:
நீதிமன்ற வளாகத்தில் நாங்கள் ஆங்கிலத்தில் வாசித்தோம். பாதிப் பேர் கையில் இப்போதைய வாசகத்தின் ஜெராக்ஸ். மீதிப் பேர் சுவரில் மாட்டியிருந்த பழைய பக்கத்தைப் பார்த்து வாசித்தார்கள், ஓவியர் நந்தலால் போஸ் குழு அலங்கரித்த அந்த மூலப்பிரதியின் படம். முதல் வரியிலேயே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சமதர்மம், சமயச்சார்பின்மை இரண்டும் 1976இல் 42ஆவது திருத்தத்தில் வந்தவை, சுவரில் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் முன்னால் ஓட, மறுபக்கம் துரத்த, சீனியர் ஒருவர் "நிறுத்துங்கய்யா!" என்று கத்தினார். அப்புறம் வாசிப்பு எங்கே, சண்டைதான். அந்தச் சொற்களை நீக்கக் கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை.

நரி, நீங்கள் எல்லாரும் கையை நீட்டியதே தப்பு. முகப்புரை உறுதிமொழி அல்ல. யாருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை, நாமே இயற்றி நமக்கே வழங்கிக்கொள்கிறோம். கடவுள் பெயரால் தொடங்கலாம் என்று அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். 1949 அக்டோபர் 17 அன்று ஆதரவு 41, எதிர்ப்பு 68 வாக்கு என்று அது தோற்றது. 'மக்களாகிய நாம்' என்றே நின்றது. ஆகவே கையைத் தொங்கவிடுங்கள். முழுக்க ஒரே வாக்கியம் என்பதால் முன்கூட்டியே மூச்சு விடும் இடங்களில் கோடு போட்டுவையுங்கள். எல்லாருக்கும் ஒரே பிரதி கொடுங்கள். வேகமாக வாசிக்கும் அதிகாரியிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள். வெயிலில் நிற்கவைக்காதீர்கள். முடிந்ததும் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பையாவது சேர்த்து வாசியுங்கள், தீண்டாமை ஒழிப்பு அதில்தான் இருக்கிறது.

ரயிலடி:
குமாஸ்தா சார், ஒரே பிரதி, மூச்சுக் கோடு எல்லாம் ஹால் பிடித்து நடத்துகிறவர்களுக்கு. 2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து எங்க தெருவில் உட்கார்ந்திருந்தோம். நாலு பேருக்கு ஒரு தாள், செல்போன் வெளிச்சம். எங்க பெரியம்மாவெல்லாம் கையை நீட்டித்தான் சொன்னாங்க. அதைத் தப்புன்னு அவங்ககிட்ட வந்து சொல்லுங்க, பார்க்கலாம்.

பாதி வாசிக்கும்போது பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் கிட்ட வந்தார். நிறுத்தச் சொல்லப் போறார்னு என் தம்பி எழுந்தே நின்னுட்டான். "எனக்கொண்ணு குடு தம்பி"ன்னார். வாங்கி, லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு மனசுக்குள்ளேயே படிச்சார். நாலா மடிச்சு சட்டைப் பையில் வெச்சுக்கிட்டு, "டீ வந்துச்சா?"ன்னு கேட்டார். வரல. அவரே போய்ச் சொல்லிட்டு வந்தார்.