பொலிகுதிரை: ‘தகுதி’ வேண்டாம், ‘வாய்ப்பு’ போதும்

வணக்கம்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெறும் குதிரை, நல்ல குட்டிகளைக் கொடுக்கும் தந்தையாகத் தேறுமா என்று முன்கூட்டியே கணிப்பதற்கு ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். ‘இனவிருத்தித் தகுதி’ என்ற பரிந்துரையைப் பலரும் ஏற்றுக்கொண்டதுபோல் தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லை.

முதலில் எளிதானதை முடித்துவிடுவோம். மாட்டில் பொலிகாளை, ஆட்டில் பொலிகிடா என்று ஊர்ப்புறத்தில் வழங்குகிறது. அதே தடத்தில், இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரை பொலிகுதிரை. ஆண் குதிரையைச் சேவல் என்பதும் வழக்குதான், தள்ள வேண்டாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். இன்றைக்கு ‘சேவல் பந்தயத்தில் வென்றது’ என்று எழுதினால் படிப்பவர் ஆடுகளத்தைத் தேடிப் போய்விடுவார்! பெட்டை என்ற சொல்லை அதே நூல் குதிரைக்கும் தருகிறது, இன்றும் புரிகிறது, வைத்துக்கொள்ளலாம்.

இனி ‘தகுதி’. தகுதி என்றால் பரீட்சை எழுதி முடிவு வந்துவிட்டது என்ற தொனி. இங்கே பரீட்சையே இனிமேல்தான். அமெரிக்காவின் சிகார் என்ற பந்தயக் குதிரை தொடர்ந்து 16 பந்தயங்களில் வென்றது. 1995, 1996 இரண்டு ஆண்டுகளிலும் அந்நாட்டின் சிறந்த குதிரை. தகுதிக்கு என்ன குறை? ஓய்வுக்குப் பின் பெட்டைகளோடு சேர்த்தார்கள், ஒன்றுகூடச் சினையாகவில்லை. மலட்டுத்தன்மை. காப்பீட்டு நிறுவனம்தான் இழப்பீடு கொடுத்தது.

மறுபக்கம் சண்டே சைலன்ஸ். 1989இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்ற குதிரை. ஆனால் வம்சாவளி கவர்ச்சியாக இல்லை, கால் அமைப்பும் சரியில்லை என்று அமெரிக்க வளர்ப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். ஜப்பானியக் குதிரை வளர்ப்பாளர் சென்யா யோஷிதா வாங்கிப் போனார். 1995 முதல் 2007 வரை, 13 ஆண்டுகள் ஒன்றுவிடாமல், குட்டிகள் வென்ற பரிசுத்தொகைக் கணக்கில், ஜப்பானின் முதலிடப் பொலிகுதிரை அதுதான். ‘தகுதியில்லை’ என்று அமெரிக்கா சொன்ன குதிரை!

எனவே என் பரிந்துரை ‘பொலிவாய்ப்பு’. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, அது இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒன்று, நன்றாக வர வாய்ப்பு இருக்கிறது என்ற எதிர்பார்ப்பு. எதை வைத்து எதிர்பார்க்கிறார்கள்? இரண்டு வயதிலேயே வேகம் காட்டியதா, உயர்தரப் பந்தயங்களில் எந்தத் தூரத்தில் வென்றது, தாய்வழி எப்படி, கால் எலும்பு, குணம். இன்னொன்று, அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை, நேரடிச் சேர்க்கை மட்டுமே. ஆகவே ஒரு பருவத்தில் எத்தனை பெட்டைகள், எந்தத் தரத்தில் வருகின்றன என்பதே பாதி விதியைத் தீர்மானித்துவிடும். பெயர் பெற்ற குதிரைக்கு நல்ல பெட்டைகள் வரிசையில் நிற்கும், பெயரில்லாததற்கு மிச்சம்மீதிதான்.

குட்டிகள் ஓடிக் காட்டிய பிறகு சொல்வதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘பொலிமதிப்பு’ என்று வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள காலம் சின்னதல்ல. பிரிட்டனின் பந்தயக் குதிரை பிராங்கெலை எடுத்துக்கொள்ளுங்கள்: 14 பந்தயம், 14 வெற்றி. 2013இல் பொலிக்கு விட்டார்கள். சினைக்காலம் சுமார் 11 மாதம், ஆக 2014இல் குட்டிகள், அவை இரண்டு வயதில் களமிறங்கியது 2016இல். அதுவரை முழுக்கப் பொலிவாய்ப்புதான். 2021இல் பிரிட்டன், அயர்லாந்தின் முதலிடப் பொலிகுதிரை ஆனபோது பொலிமதிப்பைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை.

அப்புறம், செக்ரடேரியட் என்ற அமெரிக்கக் குதிரையின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1973இல் பெல்மாண்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில் வென்றது. அந்த ஆண்டே, அந்த வெற்றிக்கு முன்னரே, அதன் இனவிருத்தி உரிமையை 60 லட்சம் டாலருக்கு மேல் பங்கு பிரித்து விற்றிருந்தார்கள். தன்னைப் போல் ஒரு மகனை அது தரவில்லை என்று பலருக்கும் ஏமாற்றம். ஆனால் அதன் மகள்கள் வயிற்றில் பிறந்தவை ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் ஆகிய மூன்று பெரும் பொலிகுதிரைகள். இந்த நிலைக்கும் ஒரு சொல் தேவை. ‘தாயின் தந்தைப் பொலிகுதிரை’ என்று இழுக்க வேண்டாம். ‘தாய்வழிப் பொலி’ போதும் என்பது என் கருத்து.

குறிப்பிட்ட இரண்டு வம்சங்கள் சேர்ந்தால் நன்றாக வருவதை இங்கே ஒருவர் ‘மரபுப் பொருத்தம்’ என்றிருந்தார். தப்பில்லை, கொஞ்சம் ஜாதக வாடை அடிக்கிறது. ‘சேர்மானம்’ என்றால் என்ன? கலிலியோ என்ற பொலிகுதிரைக்கும் டேன்ஹில் என்ற பொலிகுதிரையின் மகள்களுக்கும் சேர்மானம் நன்று என்று எழுதிப் பார்த்தேன், சரியாகவே உட்காருகிறது. பிராங்கெல் அந்தச் சேர்மானம்தான்.

பெட்டையைச் சேர்க்கப் பொலிகுதிரையின் உரிமையாளருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு ‘சேர்க்கைக் கட்டணம்’ மட்டும் வேண்டவே வேண்டாம், கல்லூரி ஞாபகம் வரும். ‘பொலிக்கட்டணம்’ என்றே வைப்போம். நார்தர்ன் டான்சர் என்ற பொலிகுதிரைக்கு 1980களில் பத்து லட்சம் டாலர் வரை போனது, அதுவும் குட்டி பிறக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல். குட்டியாக இருந்தபோது அதே குதிரையை 25,000 டாலருக்கு வாங்க ஆளில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வட அரைக்கோளத்தில் ஒரு பருவம், பிறகு விமானத்தில் ஆஸ்திரேலியா போய் அங்கே ஒரு பருவம் என்று டேன்ஹில் போல வேலை பார்க்கும் குதிரையை எப்படிச் சொல்வது? ‘இருபருவப் பொலிகுதிரை’ வரை வந்திருக்கிறேன், நீளமாக இருக்கிறது. யாராவது சுருக்கித் தாருங்கள்.