ஆய்வு செய்ய வந்தவர்களோடு உங்கள் அனுபவம் எப்படி? (ஓஎஸ்எம் மேப்பர்களுக்கு)

யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) கொஞ்ச நாள் விடாமல் எடிட் செய்தால் போதும், ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி வந்துவிடும்: "பத்து நிமிடக் கேள்வித்தாள்தான், உதவ முடியுமா?" அப்படி வந்தவர்களோடு நடந்ததை எழுதுங்கள். நல்லதோ எரிச்சலோ, எதுவானாலும் சரி.

நானே ஆரம்பிக்கிறேன். முனைவர் பட்ட மாணவி ஒருவர் என்னிடம் நேர்காணல் கேட்டார். ஆனால் அவர் எழுதியது என் இம்போர்ட் கணக்குக்கு. பொதுவில் கிடைக்கும் கட்டடத் தரவுகளை மொத்தமாக ஏற்றும்போது அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நம் வழக்கம் அல்லவா? அவருடைய பட்டியலில் அந்தக் கணக்கு 'அபாரமான ஆர்வம் கொண்ட பங்களிப்பாளர்', என் சொந்தக் கணக்கு 'நடுத்தரம்'. "அந்த வாரம் அவ்வளவு உற்சாகமாக வரைந்தீர்களே, என்ன காரணம்?" என்று கேட்டார். தானாக ஏற்றும் ஸ்கிரிப்ட் ஓடியது அம்மா, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். நல்ல பெண், சிரித்துவிட்டார். அப்புறம் கணக்குகளைப் பிரித்துப் பார்த்து முழு அட்டவணையையும் திருத்தினார்.

அவர் காட்டிய இன்னொரு படம்தான் என்னை உறுத்தியது. என் சேஞ்ச்செட் (ஒரே தடவையில் பதிவேற்றும் திருத்தங்களின் தொகுப்பு) நேரங்களை மணிவாரியாக அடுக்கியிருந்தார். எப்போது எழுகிறேன், எப்போது வேலைக்குப் போகிறேன், எந்த மாதம் வெளியூரில் இருந்தேன், எல்லாம் அதில் இருந்தது. அதில் ரகசியம் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தரவுதான். ஆனாலும் ஒரே படத்தில் சேர்த்துப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

* * *

எண்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு ஆதரவாக ஒன்று சொல்கிறேன். "யார் யாரோ வரைந்ததை எப்படி நம்புவது?" என்று என் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆய்வாளர் முக்கி ஹாக்லே 2010இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக் காட்டினேன். இங்கிலாந்தின் ஓஎஸ்எம் தரவை அந்நாட்டு அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தரவோடு ஒப்பிட்டிருந்தார். சராசரி விலகல் சுமார் 6 மீட்டர். கேள்வி அதோடு நின்றது.

அதே கட்டுரையில் மேப்பர்களான நமக்கு உறைக்க வேண்டிய விஷயமும் இருக்கிறது. வசதி குறைந்த பகுதிகள் வரைபடத்திலும் குறைவாகவே நிரம்பியிருந்தன. யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை. அவரவர் தாங்கள் புழங்கும் இடத்தை வரைகிறார்கள், அவ்வளவுதான். அதைப் படித்த பிறகு, வார இறுதியில் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யும் விதமே எனக்கு மாறிவிட்டது.

* * *

எனக்குக் கசப்பான அனுபவம். பெயர் வேண்டாம், ஒரு கல்லூரி. பிழைகளை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறோம் என்று 'அளக்க', மாணவர்களை விட்டு இல்லாத தெருக்களை வரையச் சொல்லியிருக்கிறார்கள். நானும் இன்னொருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினோம். பேராசிரியருக்கு எழுதினேன். "உங்கள் வேகம் பாராட்டுக்குரியது" என்று பதில்! அந்த வரைபடத்தை நம்பி யாரோ வண்டி ஓட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

* * *

"ஏன் வரைகிறீர்கள்?" என்ற கேள்விக்கு நான் எத்தனையோ படிவங்களில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டாயிற்று. சமூக சேவை, புதிதாகக் கற்றல், நட்பு என்று பட்டியல் இருக்கும். வரைபடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது, அதுதான் காரணம். அதற்குக் கட்டம் இருப்பதில்லை. 2007இல் புவியியலாளர் மைக்கேல் குட்சைல்ட் நம்மைப் போன்றவர்களைச் சென்சார்கள் (தகவலை உணர்ந்து தரும் கருவிகள்) என்று எழுதினார். சென்சாருக்கு இப்படியெல்லாம் எரிச்சல் வருமா, தெரியவில்லை.

ஒரே ஆட்களை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதற்கும் ஓர் ஆய்விலேயே விடை இருக்கிறது. பாஸ்கல் நைஸ், அலெக்சாண்டர் சிப்ஃப் 2012இல் எழுதியது. அப்போதிருந்த சுமார் 5 லட்சம் உறுப்பினர்களில் ஒரு முறையாவது எடிட் செய்தவர்கள் 38%தான். உருப்படியாகத் தொடர்ந்தவர்கள் 5%. ஆய்வாளர்கள் எல்லோரும் தட்டுவது அந்த 5% பேரின் கதவைத்தான்.

இருந்தாலும் ஒரு நேர்காணல் பிடித்திருந்தது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, தொலைவில் இருந்தபடியே செயற்கைக்கோள் படம் பார்த்து வரைந்தவர்களைப் பற்றிய ஆய்வு. நேர்காணல் எடுத்தவர் கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, "ஒரு கூரையைப் பார்த்ததும் அது வீடா கூடாரமா என்று எப்படி முடிவு செய்வீர்கள்?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நிழல், கூரையின் விளிம்பு, பக்கத்தில் இருக்கும் பாதை என்று நான் யோசிக்காமலே செய்துகொண்டிருந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல வைத்துவிட்டார்.

* * *

நான் உதவிய ஆய்வு கட்டுரையாக வந்ததும் படிக்கப் போனேன். பணம் கட்டச் சொன்னது. நம் தரவு திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் இலவசம், அதை வைத்து எழுதிய கட்டுரைக்குக் காசு! ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டதும் அன்றே பிடிஎஃப் அனுப்பிவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் படிவத்தைத் திறக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுகிறேன்: முடிவுகளை எங்களுக்கு அனுப்புவீர்களா? நீங்கள் எப்போதாவது எடிட் செய்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்குப் பிறகு பாதிப்பேரிடமிருந்து பதில் வருவதில்லை.