அரபாக்கமா, அரபுமயமாக்கமா? அல்ஜீரியாவின் 'தஃரீப்' குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அல்ஜீரியா பற்றிய கட்டுரைத் தொகுப்புக்கான சொற்பட்டியலில் 'அரபைசேஷன்' (அரபியில் 'தஃரீப்', அரபாக மாற்றுவது) என்ற வரிக்கு எதிரே இன்னும் கோடுதான் கிடக்கிறது. இதுவரை வந்தவை மூன்று: அரபுமயமாக்கம், அரபுப்படுத்தல், அரபு ஆட்சிமொழித் திட்டம். மூன்றுமே நல்ல தமிழ்தான். ஆனால் ஆளுக்கொரு சங்கதியை மனதில் வைத்துக்கொண்டு சொல் தந்திருக்கிறோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரலாம்.

> உலகமயமாக்கம், தனியார்மயமாக்கம் எல்லாம் பழகிப்போன பிறகு அரபுமயமாக்கம் என்றால் யாருக்கும் புரியும். இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?

புரியும் ஐயா. என்னவாகப் புரியும் என்பதில்தான் எனக்குத் தயக்கம். இலங்கைத் தமிழ் எழுத்தில் 'சிங்களமயமாக்கம்' என்ற சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. குடியேற்றத் திட்டம், ஊர்ப்பெயர் மாற்றம், நிர்வாகத்தில் மொழித் திணிப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அதைப் படித்துப் பழகியவர் 'அரபுமயமாக்கம்' என்று கண்டதும், ஓர் இனத்தின் மண்ணில் இன்னோர் இனம் வந்து உட்காருகிறது என்றே எடுத்துக்கொள்வார். ஈராக்கின் கிர்குக்கில் நடந்ததற்கு அது அளவெடுத்துத் தைத்த சொல். பாத் கட்சி ஆட்சி அங்கிருந்த குர்து, துருக்மென் குடும்பங்களை வெளியேற்றியது. அரபுக் குடும்பங்களை வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குடிவைத்தது. அதற்கும் அரபியில் தஃரீப் என்றுதான் பெயர்.

அல்ஜீரியாவிலும் அதே சொல்தான், ஆனால் கதை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. 1830ல் பிரான்ஸ் படையெடுத்து வந்தது. 132 ஆண்டுகள் ஆண்டது. பக்கத்து நாடுகளான துனீசியாவும் மொராக்கோவும் பிரான்சின் 'பாதுகாப்பில்' இருந்த நாடுகள். அங்கே மன்னர் பெயருக்காவது இருந்தார், பழைய கல்விக்கூடங்களும் இருந்தன. அல்ஜீரியாவைப் பிரான்சின் மாவட்டங்களாகவே கணக்கெழுதிவிட்டார்கள். சமயக் கல்விக்கு ஆதாரமாக இருந்த அறக்கட்டளைச் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. அவற்றை நம்பி நடந்த பள்ளிகள் சரிந்தன. 1930களில், தன் சொந்த மண்ணிலேயே அரபு அந்நிய மொழி என்ற நிலைக்கு வந்திருந்தது. அந்நாட்டு அறிஞர்கள் தனியாகப் பள்ளி வைத்து அரபு சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இந்த நிலையில் நின்று பார்க்கிறவருக்கு தஃரீப் என்பது திணிப்பாகத் தெரியாது. பறிபோனதைத் திரும்பக் கொண்டுவருவது, அவ்வளவுதான். அல்ஜீரிய அரசின் பார்வையை விளக்கும் பத்தியில் 'அரபுமயமாக்கம்' என்று எழுதினால், அரசு வாய் திறப்பதற்கு முன்பே நாம் தீர்ப்பெழுதிவிட்டோம் என்று ஆகும்.

> அப்படியானால் 'அரபு மீட்பு' என்றே வைத்துவிடலாமே?

அது எதிர்ப்பக்கத் தீர்ப்பு. காரணம் கீழே.

1931ல் அப்துல் ஹமீத் இப்னு பாதிஸ் தலைமையில் அல்ஜீரிய முஸ்லிம் உலமா சங்கம் தொடங்கியது. 'இஸ்லாம் எங்கள் மதம், அரபு எங்கள் மொழி, அல்ஜீரியா எங்கள் தாயகம்' என்பது அவர்களின் முழக்கம். 1936ல் ஃபெர்ஹத் அப்பாஸ் என்ற அல்ஜீரிய அரசியல்வாதி ஒரு கட்டுரை எழுதினார். அல்ஜீரியத் தேசம் என்று ஒன்று உண்டா என்று வரலாற்றைக் கேட்டேன், உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் கேட்டேன், கல்லறைகளுக்கும் போய்ப் பார்த்தேன், யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அதன் சாரம். இப்னு பாதிஸ் அதே ஆண்டில் பதில் தந்தார்: நாங்களும் வரலாற்றில் தேடினோம், அல்ஜீரிய முஸ்லிம் தேசம் இருப்பதைக் கண்டோம், அது பிரான்ஸ் அல்ல, பிரான்சாக ஆகவும் முடியாது, ஆக விரும்பவும் இல்லை. அன்று தேசத்தைக் காணவில்லை என்று எழுதிய அதே அப்பாஸ்தான் 1958ல் விடுதலைப் போரின் நடுவே அமைந்த தற்காலிக அரசுக்குத் தலைவரானார். இதை வைத்து அவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, சம உரிமை கேட்டு மனுப்போட்டு, கிடைக்காமல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அவரைப் போல நிறையப் பேர்.

இப்னு பாதிஸின் பதிலில் மதம் இருக்கிறது, மொழி இருக்கிறது. கபீலியா மலைகளிலும் அவ்ரஸ் மலைகளிலும் வீட்டில் அரபு பேசாத இலட்சக்கணக்கானவர்களுக்கு அதில் என்ன இடம்? இத்தனைக்கும் இப்னு பாதிஸே அமாசிக் (வெளியார் 'பெர்பர்' என்று அழைக்கும் வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகள்) வழிவந்த பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்கு அது முரணாகத் தோன்றவில்லை. வட ஆப்பிரிக்காவில் நூற்றாண்டுகளாக நடந்தது அப்படித்தான்: 11ஆம் நூற்றாண்டில் பனூ ஹிலால் என்ற அரபுக் குலங்கள் வந்தது முதல், அமாசிக் மக்களில் பெரும்பகுதியினர் மெல்ல மெல்ல அரபு பேசுகிறவர்கள் ஆனார்கள். எந்த அமைச்சகமும் ஆணை போட்டு நடந்ததல்ல. இதற்கு அரபியில் வேறு சொற்கள் இருக்கின்றன: தஅர்ருப், இஸ்திஃராப். அதாவது தானே அரபாவது. தஃரீப் பிறவினை, மற்றவை தன்வினை. நம் 'ஆதல்', 'ஆக்கல்' மாதிரியேதான்.

அல்ஜீரியச் சண்டையே இந்த இரண்டு வினைகளுக்கு நடுவில் நடப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு சொல்வது: நாம் அரபாகிப் பல நூற்றாண்டுகள் ஆயிற்று, பிரெஞ்சுக்காரன் கலைத்ததைச் சரிசெய்கிறோம். எதிர்ப்பவர் சொல்வது: நீங்கள் இப்போதுதான் எங்களை ஆக்கப் பார்க்கிறீர்கள். 'மீட்பு' என்றால் இந்த இரண்டாவது குரல் காணாமல் போய்விடும்.

1962 ஏப்ரலில், சிறையிலிருந்து வெளிவந்த விடுதலைப் போர்த் தலைவர் பென் பெல்லா துனிசில் இறங்கியதும் 'நாம் அரபியர்' என்று மூன்று முறை சொன்னார். சொன்னது பிரெஞ்சில்! இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அன்று அந்த நாட்டில் படித்தவர்களின் மொழி எது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது. விடுதலைக்குப் பிறகு அரபு சொல்லித்தர உள்ளூரில் ஆசிரியர்கள் போதவில்லை. எகிப்திலிருந்தும் சிரியா, ஈராக்கிலிருந்தும் வரவழைத்தார்கள். அல்ஜீரியப் பிள்ளைகள் வீட்டில் பேசியது தாரிஜா என்ற வட்டார அரபு, அல்லது அமாசிக் மக்களின் மொழியான தமாசிக்த். எகிப்திய ஆசிரியர் பேசியது அவருடைய ஊர் அரபு. புத்தகத்தில் இருந்ததோ செவ்வியல் அரபு. ஆக, 'தாய்மொழிக் கல்வி' என்ற பெயரில் வகுப்புக்கு வந்தது வகுப்பில் யாருக்கும் தாய்மொழி அல்ல. பிரெஞ்சை எங்கள் போர்க்கொள்ளை என்று சொன்ன எழுத்தாளர் காதெப் யாசின், பின்னாளில் தன் நாடகங்களைத் தாரிஜாவில் போடத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிபர் பூமெதியென் காலத்தில் வேகம் கூடியது. அரசு ஊழியர்கள் அரபு அறிந்திருக்க வேண்டும் என்று 1968ல் ஆணை வந்தது. 1971 முதல் நடைமுறை. பள்ளிகள் படிப்படியாக மாறின. மருத்துவம், பொறியியல், எண்ணெய் நிறுவன வேலை எல்லாம் பிரெஞ்சிலேயே நின்றன. அரபு வழியில் பட்டம் வாங்கியவனுக்கு ஆசிரியர் வேலை, நீதிமன்ற வேலை, அதைத் தாண்டிக் கதவு திறக்காது. அதிகாரிகளின் பிள்ளைகள் பிரெஞ்சு வழியில் படித்தார்கள். (தமிழ்வழிக் கல்வி பற்றிய மேடைகளை நினைத்துக்கொண்டால் நமக்கு இது உடனே விளங்கும். மேலே போக மாட்டேன், இழை திசைமாறிவிடும்.)

1979 கடைசியில் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தின் அரபு வழி மாணவர்கள் வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சில மாதங்களில், 1980 மார்ச்சில், கபீலியாவின் டிஸி உசு நகரில் பழைய கபீல் (கபீலியா அமாசிக் மக்களின்) கவிதை பற்றி எழுத்தாளர் முலூத் மம்மெரி பேசவிருந்த கூட்டத்தை அதிகாரிகள் தடைசெய்தார்கள். அங்கிருந்து 'பெர்பர் வசந்தம்' என்ற அமாசிக் உரிமைப் போராட்டம் வெடித்தது. ஒரு கூட்டம் தஃரீப் போதவில்லை என்கிறது, இன்னொரு கூட்டம் தஃரீப் வேண்டாம் என்கிறது. முதல் கூட்டத்துக்கு அது வேலைவாய்ப்பு, இரண்டாவது கூட்டத்துக்கு அது தங்கள் பெயரை அழிக்கும் முயற்சி. இருவர் வாயிலும் சொல் ஒன்றுதான்.

பிந்தைய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அரபைப் பொதுப் பயன்பாட்டில் கட்டாயமாக்கும் சட்டம் 1991 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்டது, மீறினால் அபராதம். அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். 1998 ஜூலை 5 அன்று மறுபடி நடைமுறைக்கு வந்தது. கபீல் பாடகர் மதூப் லூனெஸ் சுட்டுக் கொல்லப்பட்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது, கபீலியா கொதித்துக்கொண்டிருந்தது. தமாசிக்த் 2002ல் தேசிய மொழியானது, 2016ல் ஆட்சிமொழியும் ஆனது.

> மொழி சார்ந்ததற்கு ஒரு சொல், மக்கள் சார்ந்ததற்கு ஒரு சொல் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் குழப்பமே இல்லையே.

கொழும்பு அக்கா சொன்ன இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. அலசி எழுதும் இடத்தில் கட்டாயம் பிரிக்க வேண்டும். உமையா கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் கடைசியில், அரசுக் கணக்கேடுகளைக் கிரேக்கத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் அரபுக்கு மாற்றினார்கள். வரலாற்று நூல்கள் அதையும் தஃரீப் என்கின்றன. அங்கே மாறியது ஏடு. குடிமக்களின் வீட்டுமொழி அன்று மாறவில்லை. அதற்கு 'அரபு ஆட்சிமொழி மாற்றம்' என்று எழுதினால் துல்லியம். சிரியாவில் தஃரீப் என்றால் பெரும்பாலும் கலைச்சொல் வேலை. 1919ல் தொடங்கிய திமிஷ்கு (டமாஸ்கஸ்) அரபுக் கழகத்தின் பணி அது. அங்கே மருத்துவப் படிப்பே அரபில்தான். பிறமொழிச் சொல்லை அரபு ஒலிக்கு ஏற்ப வளைத்து எடுத்துக்கொள்வதற்கும் இலக்கண நூல்களில் இதே பெயர். அதற்கு 'அரபுப்படுத்தல்' போதும், தமிழ்ப்படுத்தல் என்ற சொல் இருக்கவே இருக்கிறது.

ஆனால் அல்ஜீரியாவின் தஃரீப்பை மட்டும் பிரிக்கக் கூடாது என்பேன். அந்தச் சொல்லுக்கு இருந்த வலுவே பிரியாமல் இருந்ததில்தான். ஆணையில் படித்தால் அலுவலக மொழி. மேடையில் கேட்டால் நாம் யார் என்பது. ஓர் எழுத்தர் அரபில் கோப்பு எழுதுவதும், ஒரு மலைக்கிராமத்துப் பையன் தன்னை அரபியன் என்று எழுதுவதும் ஒரே கொள்கையின் கீழ் வந்தன. நாம் அதைப் பிரித்து எழுதினால் ஆட்சியாளர்கள் செய்யாத தெளிவை அவர்களுக்கு நாமே செய்துகொடுத்தது போலாகும். மூலத்தில் உள்ள மயக்கம் தமிழிலும் இருக்கட்டும்.

ஆகவே என் பரிந்துரை 'அரபாக்கம்'. தமிழில் 'அரபு' என்பது மொழிக்கும் வரும் (அரபு படித்தார்), மக்களைக் குறித்தும் வரும் (அரபு நாடு, அரபு உலகம்). 'ஆக்கம்' சேரும்போது அந்த இரட்டைப் பொருள் அப்படியே தங்குகிறது. தன்வினை வேண்டிய இடத்தில் 'அரபாதல்' என்று எளிதாக எழுதலாம். 'மயமாதல்', 'மயமாக்கம்' என்றும் வேறுபடுத்தலாம்தான். நடைமுறையில் உலகமயமாதல், உலகமயமாக்கல் இரண்டையும் செய்தித்தாள்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு அந்த வேறுபாடு தேய்ந்தே போய்விட்டது.

> அரபாக்கம் என்றால் தமிழாக்கம் போல, 'அரபு மொழிபெயர்ப்பு' என்று படித்துவிட மாட்டார்களா?

படிப்பார்கள். படிக்கட்டும். அரபு மொழிபெயர்ப்பு நூல்களின் முகப்பிலும் மொழிபெயர்த்தவர் பெயருக்கு முன்னால் 'தஃரீப்' என்று போடும் வழக்கம் உண்டு. அங்கே இருக்கும் குழப்பம்தான் இங்கேயும் வருகிறது. தேவைப்பட்டால் முதல் முறை வரும்போது 'அரபாக்கக் கொள்கை' என்று எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

கிர்குக், சிரியாவின் வடகிழக்கு பற்றிய கட்டுரைகளில் 'அரபுமயமாக்கம்' அப்படியே நிற்கலாம். அங்கே அந்தச் சொல்லின் குற்றச்சாட்டுத் தொனி தேவைதான்.

தொடர்புள்ள இன்னொரு வரி: பட்டியலில் 'பெர்பர்' என்று இருக்கிறது. காட்டுமிராண்டி என்ற கிரேக்க, இலத்தீன் வசையோடு சொந்தம் கொண்டாடும் பெயர் அது. அந்த மக்கள் தங்களை அமாசிக் என்கிறார்கள். 'பெர்பர் வசந்தம்' போன்ற நிகழ்வுப் பெயர்களில் மட்டும் பழையதை விட்டுவைத்து, மற்ற இடங்களில் மக்களுக்கு அமாசிக், மொழிக்கு தமாசிக்த் என்று மாற்றலாமா? 'கபீல்' என்பதும் குலங்கள் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்ததே, ஆனால் அதை அவர்களே ஏற்றுப் பயன்படுத்துகிறார்கள், தொட வேண்டாம். தமாசிக்த் என்ற எழுத்துக்கூட்டலில் அந்தக் கடைசி 'க்த்' நாக்கில் இடறுகிறது. 'தமாசிகத்' என்று உகந்த இடத்தில் ஓர் அகரம் சேர்ப்பதா என்று ஒலிபெயர்ப்பில் கைதேர்ந்தவர்கள் சொன்னால் இரண்டு வரிகளையும் சேர்த்தே திருத்திவிடுகிறேன்.