இன்ச்சாங்கா ஏற்றத்தில் கால் இழுத்துக்கொண்டது: உங்களுக்கு எங்கே?

மூணாங்கியர் (டர்பன்)

போன அக்டோபர் அமாஷோவா சைக்கிள் போட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை. 106 கிலோமீட்டர், எந்த வழி, எத்தனை மேடு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விடியற்காலைக் குளிர், பாலி ஷார்ட்ஸ் மேட்டில் முதல் வியர்வை, கேட்டோ ரிட்ஜ் வரை எல்லாம் நல்லபடி.

இன்ச்சாங்கா பாதி ஏறியிருப்பேன். இடது தொடையின் உட்பக்கம் முதலில் லேசாகத் துடித்தது, கண்ணிமை துடிக்குமே அப்படி. கியரைக் குறைப்போம் என்று விரலை நீட்டுவதற்குள் பிடித்துவிட்டது. தோலுக்கு அடியில் எலி ஓடுகிற மாதிரி சதை முடிச்சு மேலே ஏறுவதைக் கண்ணாலேயே பார்த்தேன். பெடலில் மாட்டியிருக்கும் ஷூவைக் கழற்றக் குதிகாலை வெளியே திருப்ப வேண்டும். திருப்பினால் அதே சதை இன்னும் இழுக்கிறது. வலது காலைக் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போது தோன்றவில்லை. வண்டியோடு அப்படியே புல்லில் சாய்ந்தேன், வெட்டிய வாழைமரம் மாதிரி.

சாலையோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு ஜூலு அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து வந்து, பெடலிலிருந்து காலை விடுவித்து, ஷூவை உருவி, என் பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து அழுத்தினார். எனக்கு இழுத்தது தொடை. அவர் மடக்கியது பாதம். ஆனாலும் விட்டது!

இதுதான் இத்தனை மாதமாக மனசைக் குடைகிறது. இரண்டு பாட்டில் குடித்திருந்தேன், உப்பு மாத்திரை போட்டிருந்தேன், தண்ணீர் மேசையில் உப்புத் தொட்ட உருளைக்கிழங்கு வேறு. இத்தனை செய்தும் ஏன் பிடித்தது? அவர் கை வைத்ததும் எப்படி விட்டது?

கேப் காற்று (கேப் டவுன்)

சைகர்பொசி. வேறெங்கே! கேப் டவுன் சைக்கிள் போட்டியின் 109 கிலோமீட்டரில் கடைசி மேடு, ஹவுட் பே தாண்டி. பின்தொடை. வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றேன். இரட்டை சைக்கிளில் ஓர் அப்பாவும் மகளும் என்னைக் கடந்து போனார்கள். அந்தப் பொண்ணுக்கு எட்டு வயசு இருந்தால் அதிகம். திரும்பிப் பார்த்து, "அங்கிள், நடந்தும் போகலாம், தப்பில்லை" என்றாள். வலி எப்படி இருந்தது என்று இப்போது நினைவில்லை. அந்தக் குரல் மட்டும் இருக்கிறது.

உப்புக்கணக்கு (சாட்ஸ்வர்த்)

மூணாங்கியர் தம்பி, இரண்டு பாட்டில் எந்த மூலைக்குப் போதும்? எனக்கும் ஒரு தரம் ஹில்கிரெஸ்டில் கெண்டைக்கால் இழுத்தது, அது கிடக்கட்டும். நான் சொல்வதைக் கேள்.

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகும். சிலருக்கு அதில் கால் பங்கு, சிலருக்கு இரட்டிப்பு. உன் கறுப்பு ஜெர்ஸியில் வெள்ளைக் கோடு கோடாகப் பூக்கிறதா? அப்படியானால் நீ இரட்டிப்புக்காரன். பயிற்சிக்கு முன்னும் பின்னும் துணியில்லாமல் எடை பார். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டு, அதுதான் உன் வியர்வை. அக்டோபரில் டர்பன் பக்கம் இறங்க இறங்கப் புழுக்கம் ஏறும், மேலே இருந்த கணக்கு கீழே செல்லாது. அதனால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். வெறும் தண்ணீர் வேண்டாம். முதல் நாள் ராத்திரியே சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடப் போடச் சொல். காலையில் வாழைப்பழம். ஒவ்வொரு இருபது நிமிஷத்துக்கும் கடிகாரம் அடிக்கிற மாதிரி வைத்துக்கொள், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதே. மாவுச்சத்தும் மணிக்கு அறுபது கிராம் உள்ளே போக வேண்டும், ஜெல் என்கிற அந்த இனிப்புப் பசை பிடிக்காவிட்டால் பேரீச்சம்பழம். ராத்திரி மெக்னீசியம். காப்பியைக் குறை. முக்கியமாக, நைலான் சாக்ஸ் போடாதே.

பிசியோ வீட்டுக்காரன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சாக்ஸுக்கும் சதைப்பிடிப்புக்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

நான் பிசியோதெரபிஸ்ட் இல்லை, பிசியோவைக் கட்டியவன். இருபது வருஷமாக இரவுச் சாப்பாட்டோடு இதைத்தான் கேட்கிறேன். உப்புக்கணக்கு அண்ணன் சொல்வது பழைய கணக்கு. சுரங்கத்திலும் கப்பல் கொதிகலனிலும் வெந்தவர்களைப் பார்த்து நூறு வருஷத்துக்கு முன் வந்த முடிவு அது. அதை அசைத்தது நம் நாட்டு ஆட்கள்தான். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஷ்வெல்னஸும் கூட்டாளிகளும் 1997இல், இது உப்பில் இல்லை, களைத்த சதைக்கும் நரம்புக்கும் இடையில் நடக்கிற குழப்பம் என்று எழுதினார்கள். பிறகு 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில் பிடிப்பு வந்தவர்கள், வராதவர்கள் இரு தரப்பின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். நீர் வற்றியதிலும் உப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியில் பார்த்தபோதும் தங்கள் சக்திக்கு மேல் வேகமாகப் போனவர்களுக்கும் முன்பே பிடிப்பு வந்தவர்களுக்கும்தான் மறுபடி வந்தது.

யோசித்துப் பாருங்கள். உப்பு ரத்தத்தில் குறைந்தால் உடம்பு முழுக்கக் குறையும். அப்புறம் ஏன் இடது தொடையில் மட்டும் பிடிக்கிறது, காதில் பிடிக்கவில்லை?

சதைக்குள் 'சுருங்கு' என்று சொல்கிற உணர்வி ஒன்று, தசைநாரில் 'விடு' என்று சொல்கிற உணர்வி ஒன்று. களைத்துப்போனால் முதல் குரல் ஓங்கும், இரண்டாவது குரல் அடங்கும். நீட்டி இழுத்தால் தசைநாரில் இழுவிசை ஏறி, 'விடு' குரல் மறுபடி கேட்கும். மூணாங்கியர், அந்த அம்மா பாதத்தை அழுத்தியபோது உங்கள் முழங்காலும் நீண்டிருக்கும், இடுப்பும் திரும்பியிருக்கும். தொடையும் சேர்ந்து நீண்டது. அல்லது தானே விடுகிற நேரம் வந்திருக்கும், பேர் அவருக்குப் போனது. தாகம் எடுக்காமலே மொண்டு மொண்டு குடிக்கிறதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும் நோயை ஆராய்ச்சியாளர் டிம் நோக்ஸ் முதலில் கண்டதே நம்ம காம்ரேட்ஸ் ஓட்டத்தில், 1981இல்.

என் சொந்த அனுபவமா? எனக்கு வந்ததே இல்லை. நான் போட்டிக்குப் போவதில்லை, பை தூக்குவேன்.

புரட்டாசிப் பெடல் (பீனிக்ஸ்)

என் தமிழ் கோயில் வகுப்புத் தமிழ், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

புரட்டாசி முடியறதுக்குள்ள அமாஷோவா வந்த ஒரு வருஷம். எங்க வீட்டில் மாசம் பூரா கவிச்சி கிடையாது, சனிக்கிழமை ஒரு வேளைதான். மறுநாள் ஞாயிறு போட்டி. அம்மா "பெருமாள் பார்த்துப்பார்" என்றாங்க. மேடெல்லாம் பார்த்துக்கிட்டார்தான். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம். அப்பாடா என்று பெடல் சுத்தறதை நிறுத்தி, கால்விரலைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் கல்லாச்சு. வேகம் அறுபதுக்கு மேல. பிரேக்கை அழுத்தக்கூட பயம், பின்னால ஒரு கூட்டமே வருது.

"முருகா!" என்று கத்திட்டேன். முன்னால போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அவர் பேரே அதுதானாம், பைன்டவுனில் சொன்னார்.

அவர் பக்கத்தில் வந்து, "குதிகாலைக் கீழே அமுக்கு, அமுக்கு" என்று சொல்லிக்கிட்டே கூட இறங்கினார். அமுக்கினேன். மெல்ல மெல்ல இளகிச்சு. விரதம்தான் காரணமா இல்ல பிசியோ அண்ணன் சொல்ற மாதிரி களைப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா மேட்டில் வராதது ஏன் ஓய்வில் வந்துச்சு?

உப்புக்கணக்கு (சாட்ஸ்வர்த்)

பட்டினி கிடந்து ஓட்டினால் வராமல் என்ன செய்யும் அம்மா? அன்றைக்கு மட்டும் ஒரு வேளை கூடச் சாப்பிட்டிருந்தால் சாமி கோவித்துக்கொள்ளாது.

புரட்டாசிப் பெடல் (பீனிக்ஸ்)

அங்கிள், நான் உங்ககிட்ட விரதம் பத்திக் கேட்கல.

ஹைவெல்ட் தஞ்சாவூரான் (ஜொகன்னஸ்பர்க்)

எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொருவருக்குப் பிடித்தது, நான் நிற்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

நவம்பர் மாதம், நம்ம ஊர் 94.7 சைக்கிள் போட்டி. வேலைக்காக வந்து இரண்டாவது வருஷம், அந்த உயரத்தில் எனக்கே மூச்சு இரைத்தது. நெடுஞ்சாலைத் தடுப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும். இரண்டு தொடையையும் கைகளால் பிடித்திருந்தார். "பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே கடந்தேன். கையைத் தூக்கினார். அந்தக் கை 'போ' என்றதா, 'நில்' என்றதா? கால்பிடிப்புதானே, ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில் போனது. அவருக்காகவா என்று இன்று வரை தெரியாது.

அதன் பிறகுதான் படித்தேன். ஓர் இடத்தில் பிடித்து விடுவது வேறு. உடம்பு முழுக்க மாறி மாறிப் பிடித்தாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் கோக் நிறத்தில் போனாலோ அது வேறு. சதை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை. இப்போது யார் தொடையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாலும் இறங்கி நின்று, பேர் கேட்டு, பதில் தெளிவாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். போன வருஷம் மூன்று பேரிடம் நின்றேன். மூன்று பேரும் எரிச்சலாகத்தான் பார்த்தார்கள்.

ஊறுகாய்ப் பாட்டில் (வெருலம்)

எங்கள் ஆயா இதைக் கொரக்களி என்பாள். தாத்தா மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கம் கரும்பு வெட்டியவர். ராத்திரி பாயில் படுத்தபின் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். வீடே எழுந்துவிடும் அளவுக்குக் கத்துவார். ஆயா விளக்குகூட ஏற்றாமல் ஜாடியிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்த் தண்ணீரை ஒரு கரண்டி அவர் வாயில் ஊற்றுவாள். கத்தல் நின்று இருமல் வரும்.

அதனால் நான் போத்தாஸ் ஹில்லில் இழுத்தபோது, மருந்துப் பாட்டிலில் கொண்டுபோன அதே சாற்றைக் குடித்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். விட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, காலை மறந்து நாக்கைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் காரம் அப்படி.

பிசியோ வீட்டுக்காரரே, சிரிக்க வேண்டாம். 2010இல் அமெரிக்காவில் மின்சாரம் வைத்துக் கால் கட்டைவிரலில் பிடிப்பை வரவழைத்து, வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை நிமிஷத்துக்குள் அடங்கியது, வெறும் தண்ணீர் குடித்தவர்களைவிடச் சீக்கிரம். அதற்குள் அது வயிற்றைத் தாண்டி ரத்தத்தில் கலக்க நேரமே இல்லை. தொண்டையில் பட்ட புளிப்பு நரம்பு வழியாக எதையோ அடக்குகிறது என்கிறார்கள்.

பிசியோ வீட்டுக்காரன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சிரிக்கவில்லை, அது என் கட்சிக்குத்தான் சாட்சி. உப்பு சேர நேரமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். புரட்டாசிப் பெடல் தங்கச்சி, உங்கள் கேள்விக்கு வீட்டில் கேட்டேன்: விரலைத் தொங்கவிட்டால் கெண்டைக்கால் சதை குறுகிய நிலையில் இருக்கும், தசைநாரில் இழுவிசையே இல்லை, 'விடு' குரல் சுத்தமாக அடங்கும். களைத்த சதைக்கு அந்த நிலைதான் எமன். குதிகாலை அமுக்கச் சொன்னவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

உப்புக்கணக்கு (சாட்ஸ்வர்த்)

எனக்கு ஹில்கிரெஸ்டுக்குப் பிறகு எட்டு வருஷமாக வரவில்லை. உப்புதான் காரணம். உங்கள் ஷ்வெல்னஸ் வந்து என் ஜெர்ஸியைப் பார்க்கட்டும்.

மூணாங்கியர் (டர்பன்)

எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு விஷயத்தை முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒன்று, என் பயிற்சி முழுக்கக் கடற்கரையில்தான், புளூ லகூனிலிருந்து உஷாகா வரை போய்த் திரும்புவது. மேடு என்று சொல்ல அங்கே வேகத்தடைகூடக் கிடையாது. அந்த வாரம்தான் புது சீட் மாற்றினேன். பிறகு அளந்து பார்த்தால் பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் உயரம். நாலு மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று மச்சானிடம் பந்தயம் வேறு. பிசியோ வீட்டில் இதைச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும்.

இரண்டு, கால் விட்டதும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஷூவை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். ஜூலுவில் நன்றி சொல்லும் 'ங்கியாபோங்கா' என்று ஒரு வார்த்தை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இந்த மண்ணில் இருந்துகொண்டு, அந்த ஒரு வார்த்தை தெரியாதவனும் இல்லை. பந்தயத்திலும் ஏழு நிமிஷத்தில் தோற்றேன்.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிறு, முறுக்குப் பொட்டலத்தோடு பக்கி வண்டியை (பிக்கப்) எடுத்துக்கொண்டு போனேன். வளைவைக் கண்டுபிடித்துவிட்டேன். நாற்காலி இருந்தது, மழைக்குக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு முறுக்கைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

உப்புக்கணக்கு (சாட்ஸ்வர்த்)

வருகிற அக்டோபரிலும் அதே வளைவில் விழு தம்பி. கட்டாயம் இருப்பார்.